வலப்பக்கக் கீற்றுகள்

தை மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை.

இடம்: கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டிய மேடு. ஊர் வழக்கில் ஓட்டுமேடு. உயரம், சுற்றியுள்ள நெல்வயலிலிருந்து ஏறத்தாழ இரண்டு ஆள். உச்சி தட்டையானது, அறுவடைக் காலத்தில் களமாகப் பயன்படுகிறது. காலையில் மூடுபனி, பின்னர் வெயில். பணி: மேற்பரப்பு ஆய்வு. கண்டவை: கறுப்பு-சிவப்பு மட்கல ஓடுகள், சாதாரணச் சிவப்பு ஓடுகள், உடைந்த அரைப்புக் கல் ஒன்று, இரும்புக் கசடு. உச்சியில் ஓடு எதுவும் இல்லை. மண் அள்ளும் இயந்திரம் மேட்டின் வடக்கே நிறுத்தப்பட்டிருந்தது, இயங்கவில்லை. நடந்தவர் ஒருவர். மாலையில் பணி நிறுத்தப்பட்டது. முடிவடையவில்லை.

மேலே இருப்பது அன்றைய களக்குறிப்பு. ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் குறிப்பை அந்த நடையில்தான் எழுதுகிறேன். எழுதுகிறவனின் முழங்கால் வலிக்கும் மனநிலைக்கும் அதில் இடமில்லை என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொன்னவன் நான். இங்கே அந்த விதி இல்லையாதலால், குறிப்பில் சேராதவற்றை எழுதுகிறேன்.

மேற்பரப்பு ஆய்வு என்பது தோண்டாமல் பார்ப்பது. மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் குடியிருந்தால், மண்சுவர் விழுந்து அதன்மேல் அடுத்த சுவர் எழுந்து, அடுப்புச் சாம்பலும் உடைந்த பானைகளும் சேர்ந்து அந்த இடம் மெல்ல உயர்ந்துவிடும். அவர்கள் போன பிறகு மழை மேல்மண்ணைக் கரைக்கும். உள்ளே கிடந்த ஓடுகள் வெளியே தெரியும். அவை எங்கெங்கே, எவ்வளவு நெருக்கமாகக் கிடக்கின்றன என்பதைக் கொண்டு, எழுத்து அறியாத காலத்து ஊர் ஒன்று அடியில் எதுவரை பரவியிருந்தது என்று ஊகிக்கலாம். ஆகையால் எங்கள் தொழிலில் ஓட்டைவிட அது கிடக்கும் இடமே பெரிது. இடம் மாறிய ஓடு வெறும் ஓடு.

இந்த மேட்டின் மண்ணை அள்ளிப் பக்கத்துப் பள்ளத்தை நிரப்பி, அங்கே பெரிய சரக்குக் கிடங்கு ஒன்று எழுப்புவதாக இருந்தார்கள். அதற்கு முன் மேட்டைப் பார்த்து எழுதித் தருமாறு அலுவலகம் ஒன்று என்னைக் கேட்டிருந்தது. ஓடுகள் மேடு முழுவதும் இடைவிடாமல் பரவியிருந்தால், சோதனைக் குழி தோண்டிப் பார்க்கும் வரை மண்ணைத் தொடக்கூடாது. ஏதோ ஒரு மூலையில் மட்டும் இருந்தால், அந்த மூலைக்கு வேலி போட்டுவிட்டு மற்றதை அள்ளிக்கொள்ளலாம். அறிக்கை புதன்கிழமை மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். வியாழக்கிழமை காலை இயந்திரம் இயங்கும்.

நான் இருப்பது திருநின்றவூரில். பேசின்பிரிட்ஜில் வண்டி மாறி, மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஆட்டோவில் மேட்டுக்குப் போனேன். தூரத்திலிருந்தே உச்சியில் ஒரு நீலச் சாமியானா தெரிந்தது. ஏறிப் பார்த்தால் களம் முழுவதும் பெருக்கிச் சாணம் தெளித்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் போடப்பட்டிருந்தன. தரையில் ஓர் ஓடுகூட இல்லை.

அங்கே நின்றிருந்தவர், மேட்டின் தெற்குச் சரிவை ஒட்டி நெல் பயிரிடும் பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர். கூடவே அவருடைய கணவரும் இருந்தார். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பி வழியும்போது, வெள்ளம் நேரே அவர்கள் வயலில் இறங்காமல் திருப்பிவிடுவது இந்த மேடுதான். முன்பு ஒருமுறை நான் அங்கே வந்திருந்தபோது அறிமுகமானவர்கள். வருவதை முதல் நாள் தொலைபேசியில் சொல்லியிருந்தேன்.

“வாங்க சார். நாஷ்டா ஆச்சா?” என்றார் அந்தப் பெண்மணி.

“ஆச்சும்மா. இதெல்லாம் என்ன?”

“ஆபீசுக்கு எழுதப்போறேன்னு சொன்னீங்க இல்ல. பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க, கால்ல ஓடு குத்துச்சின்னா நல்லாவா இருக்கும்? வெள்ளாப்புல எய்ந்து கூட்டிட்டோம்.”

“இங்க கிடந்த ஓடு?”

“தூக்கிப் போடுவமா சார்? பத்தரமா கீது. நீங்க குனிஞ்சி குனிஞ்சி பொறுக்க வாணாம்னுதான்.”

கணவர், சாமியானாக் காலில் சாய்த்து வைத்திருந்த இரண்டு சாக்குகளின் வாயைத் திறந்து காட்டினார். உச்சியில் கிடந்த ஓடுகள் அத்தனையும் அவற்றில் இருந்தன. ஈரமாக இருந்தன.

“கய்வி வேற வெச்சிகீறா சார்,” என்றார். “நான் சொன்னேன், அத்த அப்டியே உடுமேன்னு. ஊட்டக் கூட்டச் சொன்னா இடுப்பு வலி. மேட்டக் கூட்டறதுக்கு ஒரு வலியும் இல்ல.”

“தொடப்பம் புட்ச்சது யாரு? நானா நீயா?”

“நீ குட்த்த, நான் புட்ச்சேன்.”

பல பதிற்றாண்டுகள் மேடுகளைப் பார்த்திருக்கிறேன். உழவு கலைத்த மேடு, சாலை அறுத்த மேடு, செங்கல் சூளைக்குப் போன மேடு எல்லாம் உண்டு. மரியாதை கருதிப் பெருக்கப்பட்ட மேட்டை அன்றுதான் கண்டேன். அவர்கள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தாலும் அதைச் செலவழிக்க வலு இல்லை. உச்சி போய்விட்டது, இனிச் சரிவுகள்தாம் பேச வேண்டும் என்று மட்டும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

“டீச்சரம்மா வர்லியா?” என்றார் அந்தப் பெண்மணி, நான் வந்த பாதையைப் பார்த்துக்கொண்டே.

என் மனைவியைத்தான் கேட்டார். பள்ளியில் நிலவியல் கற்பித்தவள். பழவேற்காட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், தேநீர் குடிக்க இறங்கிய இடத்திலிருந்து இந்த மேட்டை முதலில் கண்டவள் அவள்தான். அன்று பிற்பகல் முழுவதும் இருவரும் இதன்மேல் நடந்தோம். இந்தப் பெண்மணியின் வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, அவள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

“தவறிட்டாங்கம்மா.”

“எப்போ?”

“ஐப்பசியில.”

அவர் தலையை அசைத்தார். போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றை எடுத்து மற்றதன்மேல் அடுக்கினார். “குந்துங்க சார்,” என்றார். அடுக்கிய நாற்காலிகள்மேல் உட்கார்ந்தேன். கால் தரையில் முழுதாகப் பதியவில்லை.

வேலை முறையை இங்கே சொல்ல வேண்டும். சரிவைக் கீழிருந்து மேலாக நீண்ட கீற்றுகளாகப் பிரித்துக்கொள்வோம். ஒரு கீற்றின் அகலம், நடப்பவர் தலையைத் திருப்பாமல் இருபுறமும் பார்த்துக்கொள்ளக்கூடிய அளவு. இருவர் நடந்தால் இரண்டு கீற்றுகள் ஒரே சமயத்தில் முடியும். நாங்கள் எப்போதும் இருவர். இடது கீற்று என்னுடையது, வலது அவளுடையது. நடக்கும்போது பேச்சில்லை. ஓடு தென்பட்டால் யார் கண்டாரோ அவர் நிற்பார், மற்றவரும் நிற்பார். அவள் என்னைவிட மெதுவாக நடப்பாள். எனவே நான் நின்ற நேரங்களே அதிகம். மேலே போய்ச் சேர்ந்ததும் திரும்பக் கீழே இறங்கி, அவள் நடந்த கீற்றைக் கடந்து போய், அதற்கு அடுத்ததன் அடியில் என் முளைக்குச்சியை நடுவேன். அவள் எனக்கு வலப்பக்கம் வந்து நிற்பாள். இப்படியே மேட்டைச் சுற்றி முடிப்போம். எத்தனையோ மேடுகளை இப்படி முடித்திருக்கிறோம்.

அன்று வடக்குச் சரிவில் தொடங்கினேன். ஓடுகள் நெருக்கமாக இருந்தன. உள்ளே கறுத்து வெளியே சிவந்த, நல்ல பளபளப்புள்ள ஓடுகள். மேற்குச் சரிவில் கொஞ்சம் குறைந்தன. தெற்கே மறுபடி கூடின. வெயில் ஏறியது. நான் குனியக் குனிய அந்தப் பெண்மணி சரிவின் அடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எய்துவீங்க இல்ல சார்?” என்று நடுவில் ஒருமுறை கேட்டார். “ஓடு எனுக்கு இன்னாத்துக்கு, ஒளிக்காம சொல்றேன். மேடு நின்னா போதும். மேடு போச்சின்னா முத மயைக்கே பயிரு முய்கிடும்.”

“இருக்கிறதத்தான் எழுத முடியும்மா.”

“இருக்குதே. அதான் ரெண்டு சாக்கு இருக்குதே.”

நண்பகலில் மண் வேலைக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர் பைக்கில் வந்தார். மாநில எல்லைப்பக்கத்து ஆள், நாற்பது வயது இருக்கலாம். நிறுத்தியிருந்த இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் ஏறி வந்தார்.

“இன்னா நைனா, பொதையலு எதுனா?”

“ஓடுதான்.”

இடத்தைக் குறித்துவிட்டு நான் எடுத்த மாதிரிகளின் தட்டிலிருந்து கறுப்புக் கட்டி ஒன்றை எடுத்துப் புரட்டினார். “இது எந்த ராஜா காலத்து ஐட்டம்?”

“இரும்பு உருக்கின கசடு. பழசா இருக்கலாம்.”

அவர் சிரிக்கவில்லை, ரொம்ப அக்கறையாகச் சொன்னார். “சார், இது ரோட்டுக்குக் கொட்ன லோடுல வுய்ந்தது. உருக்குப் பட்டறைங்கள்லேந்து தெனம் வருது. மூவாயிரம் வருசம் இல்ல, மூணு மாசம்.”

அந்தக் கட்டியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. இரும்பை உருக்கியவர்கள் மேட்டுக்கு அடியிலும் இருக்கிறார்கள், தொழிற்பேட்டையிலும் இருக்கிறார்கள். இரண்டு கசடுகளும் ஒரே மழையில் கலந்து கிடக்கின்றன. கரியின் அச்சு பதிந்த, ஊதுலைக் களிமண் ஒட்டிய வேறு சில துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கீழே போட்டேன்.

“நடுவால நடுவால காலியா இருந்தா சொல்லுங்க, அந்த எடத்த மட்டும் எட்த்துக்குவோம்,” என்று சொல்லிவிட்டு அவர் போனார். அதில் கேடெதுவும் இல்லை. அவருக்கு மேலே ஒருவர் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

வெயில் தாழ்ந்தபோது கிழக்குச் சரிவையும் முடித்து, மேலே வந்து உட்கார்ந்தேன். பெண்மணி காப்பி கொண்டுவந்தார். நான் குடிக்கத் தொடங்கியதும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. ஒரு பட்ட நடக்குறீங்க, ஒரு பட்ட உட்டுர்றீங்க. மறுக்கா ஒண்ணு நடக்குறீங்க, மறுக்கா ஒண்ணு உட்டுர்றீங்க. அது ஒரு கணக்கா?”

எழுந்து பார்த்தேன். சரிவின் அடியில் என் முளைக்குச்சிகள் மேட்டைச் சுற்றி நின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சரியாக ஒரு கீற்று காலியாக இருந்தது. காலை முதல் மாலை வரை நான் என் கீற்றுகளை மட்டும் நடந்திருந்தேன். ஒவ்வொன்றின் முடிவிலும் கீழே இறங்கி, யாரும் நடக்காத நிலத்தைக் கடந்து போய், அடுத்த முளையை நட்டிருந்தேன். நின்று காத்திருந்ததும் இப்போது நினைவுக்கு வந்தது. முழங்காலுக்காக நின்றதாக எண்ணியிருந்தேன்.

“கணக்கு இல்லம்மா,” என்றேன். “விட்டுப்போச்சு.”

“அன்னிக்கு நீங்களும் அவங்களும் ஏர்ல பூட்ன ஜோடி மாரி போனீங்க,” என்றார் அவர். பிறகு, “காப்பி ஆறுது சார்,” என்றார்.

திரும்பும் ரயிலில் ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் எழுதிப் பார்த்தேன்: ‘ஒன்றுவிட்டு ஒன்றாகத் தேர்ந்த கீற்றுகளில் மாதிரி ஆய்வு மேற்கொள்ளப்பட்டது.’ குறை சொல்ல முடியாத வாக்கியம். அப்படி ஒரு முறை உண்டு. நானே பாடம் எடுத்திருக்கிறேன். அறிக்கையைப் படிப்பவர் எவரும் கேள்வி கேட்கமாட்டார். ஆனால் நடப்பதற்கு முன் தீர்மானித்தால்தான் அது முறை. அதுவும் போக, இடைவிடாமல் பரவியிருக்கிறது என்று எழுத வேண்டிய அறிக்கையில், பாதி நிலத்தை நான் பார்க்கவே இல்லை. மேற்பார்வையாளர் கேட்ட காலி இடங்களை நானே உண்டாக்கிக் கொடுத்திருக்கிறேன். மீஞ்சூர் தாண்டும்போது அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

புதன்கிழமை விடிந்ததும் மறுபடி போனேன். சாமியானாவைக் கழற்றியிருந்தார்கள். ஒற்றை நாற்காலி நின்றது. அறிக்கையை மேட்டிலேயே எழுதி, ஊருக்குள் இருக்கும் ஜெராக்ஸ் கடையிலிருந்து அனுப்பிவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

“நான் வேணா ஒரு பக்கம் நடக்கட்டா சார்?” என்றார் பெண்மணி. “ஓடு தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. ரெண்டு சாக்கு பொறுக்கனவ.”

“பொறுக்காம இருக்கணும்மா. அதான் கஷ்டம்.”

“அது நம்மால ஆவாது,” என்று அவர் கணவர் வரப்பிலிருந்து சொன்னார். “கீய கெடக்கறத கண்டா கை சும்மா இருக்காது அவுளுக்கு. அப்டித்தான் என்னையும் எட்த்துகினு வந்தா.”

வடக்கிலிருந்து தொடங்கி, விட்டுப்போன கீற்றுகளில் நடந்தேன். ஒரு கீற்று முடிவதற்குள் நான் வேகமாகப் போகிறேன் என்று தெரிந்தது. வேகத்தைக் குறைத்தேன், அதற்கு என் வேகத்தை நானே கவனித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. இதுவரை அதற்குத் தேவை ஏற்பட்டதில்லை.

அந்தக் கீற்றுகளில் தனியாக எதுவும் இல்லை. நேற்றுக் கண்ட அதே ஓடுகள், அதே நெருக்கம். வடக்கே மிகுதி, மேற்கே குறைவு, தெற்கே மறுபடி மிகுதி. பிடிப்புக்கருகே விரல் அழுத்திய தடம் உள்ள மூடித் துண்டு ஒன்று கிடைத்தது. அதுபோன்றது நேற்று என் கீற்றிலும் கிடைத்திருந்தது. இதைவிட நல்ல முடிவை அறிக்கை எதிர்பார்க்க முடியாது. ஊர் மேடு முழுவதும் இடைவெளியின்றிப் பரவியிருந்தது என்று ஐயமின்றி எழுதலாம். எனக்கு அதில் மகிழ்ச்சியோ ஏமாற்றமோ ஏற்படவில்லை. குனிந்து, பார்த்து, குறித்து, நிமிர்ந்தேன். நிமிர்வதுதான் கடினமாக இருந்தது.

கிழக்குச் சரிவில் கடைசியாக ஒன்று மீந்தது. அதன் அடியில் முளையை நட்டேன். வெயில் நன்றாக இருந்தது; நேரமும் இருந்தது. அதன் இடப்பக்கம் நான் செவ்வாய்க்கிழமை நடந்த கடைசிக் கீற்று. வலப்பக்கம் மேடு முடிந்து ஏரிக்கரைக்குப் போகும் வண்டித்தடம். இதையும் நடந்துவிட்டால், மேட்டில் அவளுக்கென்று விட்ட இடம் ஒன்றும் மிஞ்சாது.

முளைக்கருகே நின்றேன். பிறகு மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன்.

“அது ஒண்ணு பாக்கி இருக்குதே சார்,” என்றார் பெண்மணி.

“இருக்கட்டும்மா.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தச் சரிவைப் பார்த்தார். “தெக்கால எல்லாம் எய்திட்டீங்க இல்ல?”

“எழுதிட்டேன்.”

“அப்ப செரி.”

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். உச்சியின் ஓடுகள் ஆய்வுக்கு முன் இடம் பெயர்க்கப்பட்டன. அவை தனியே சாக்குகளில் உள்ளன. சரிவுகளில் ஓடுகள் இடைவிடாமல் உள்ளன. கிழக்குச் சரிவின் கடைசிக் கீற்று ஆய்வு செய்யப்படவில்லை. காரணம் என்ற பகுதியில் எதுவும் எழுதவில்லை. எழுதக்கூடிய காரணம் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெண்மணி தொலைபேசியில் அழைத்தார்.

“சார், மிஷினு போய்ட்ச்சி. லாரி மேல ஏத்திக்கினு போய்ட்டாங்க. எங்கூட்டு ஆளு கற்பூரம் ஏத்தப் போயிருக்காரு.”

“நல்லதும்மா.”

“ஆனா கெயக்கால மட்டும் கல்லு நட்டுகீறாங்க. அந்தக் கடேசிப் பட்ட இல்ல, அங்க. அது எய்தாத எடமாம், லாரி போவ வய்யி வேணுமாம். அங்க மட்டும் செதுக்கிக்கலாம்னு ஆபீசுல சொல்லிட்டாங்களாம். எங்குளுக்குத் தண்ணி தெக்காலதான் வரும். எங்குளுக்கு ஒண்ணும் பேஜாரு இல்ல சார். உங்குளுக்கு?”

“எப்போ செதுக்கப்போறாங்க?”

“மாசி பொறந்துதான்னு பேசிக்கிறாங்க.”

“சரிம்மா,” என்றேன்.

“ஒடம்ப பாத்துக்கோங்க,” என்றார். பிறகும் வைக்கவில்லை, பின்னால் மாடு கத்துவதும் கணவரை அவர் அதட்டுவதும் கேட்டன. நான்தான் வைத்தேன்.

செய்யாமல் இருப்பவை:

கிழக்குச் சரிவின் கடைசிக் கீற்று. மாசிக்கு முன் நடக்க வேண்டும்.

மேட்டிலிருந்து கொண்டுவந்து வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கும் இரண்டு சாக்கு ஓடுகளையும் பிரித்து, வாய்விளிம்புத் துண்டுகளை வரைய வேண்டும். வரைவது அவள் வேலையாக இருந்தது. கோடு போடும் கருவியை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை.

குடும்ப அட்டையில் பெயர் நீக்க மனுக் கொடுக்க வேண்டும்.

காலிச் சாக்குகளைத் திருப்பித் தர வேண்டும்.

சோதனைக் குழி எப்போது தோண்டுவார்கள் என்று அலுவலகத்தில் கேட்டு, அந்தப் பெண்மணிக்குச் சொல்ல வேண்டும். நாற்று விடும் முன் தெரிந்தால் நல்லது என்று கேட்டிருக்கிறார்.